கட்டணம் குறைந்துவிட்டால் சொல்ல வேண்டுமா?

கட்டணம் கூடிவிட்டால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ரசீதை மேலிருந்து கீழாகப் பார்க்கிறோம். கேட்காத பானத்துக்கு விலை போட்டிருந்தால் விரலை வைத்துக் காட்டுகிறோம். முகப்பில் நிற்பவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். அப்படிக் கேட்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால், அதே ரசீதில் நாம் சாப்பிட்ட ஒன்று விடுபட்டிருந்தால் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் ரசீது மடிந்து பைக்குள் போய்விடுகிறது.

பொருள் வாங்கும்போதைவிடச் சேவை பெறும்போது இந்த நிலை அதிகம் வருகிறது. பேரங்காடியில் ஒவ்வொரு பொருளிலும் பட்டைக்குறி இருக்கிறது. இயந்திரமே விலையைச் சொல்லிவிடும். சேவைக்கு அப்படி இல்லை. ஒருவர் தம் நினைவில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைத்துத் தருபவர், லைனிங் வைத்ததற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஆய்வறிக்கையை அச்சிட்டு பைண்டிங் செய்து தருபவர், வண்ணப் பக்கங்களைத் தனியாக எண்ண வேண்டும். முடிதிருத்துபவர் தாடியையும் சரிசெய்தது ஞாபகம் இருக்க வேண்டும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இதில் ஒன்று தவறிப்போவது இயல்பு.

இந்தப் பேச்சு அண்மையில் என் நண்பர்களிடையே வந்தது. தோழி ஒருத்தி கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தாள். உடைந்த திரையையும் சீக்கிரம் தீர்ந்துபோகும் பேட்டரியையும் மாற்றச் சொன்னாள். இரண்டையும் மாற்றித் தந்தார்கள். ஆனால், வாங்கிய கட்டணம் திரைக்கு மட்டும்தான். கடையில் கூட்டம் அதிகம் என்பதால் அவளும் பார்க்கவில்லை. ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ரசீதைப் பார்த்தாள். “இப்போது சொல்வதா, விட்டுவிடுவதா?” என்று எங்களிடம் கேட்டாள்.

நான்கு பதில்கள் வந்தன. தவறு கடைக்காரருடையது, நீ என்ன செய்வாய் என்றான் ஒருவன். அவர்கள் ஏற்கெனவே போதுமான லாபம் வைத்திருப்பார்கள் என்றாள் ஒருத்தி. சொன்னால் அங்கு வேலை செய்பவருக்குத்தான் திட்டு விழும், பாவம், விட்டுவிடு என்றாள் இன்னொருத்தி. நம்மிடம் கூடுதலாக வாங்கிய கடைகள் எத்தனையோ, இதோடு கணக்குச் சரியாகிவிட்டது என்றான் நான்காமவன்.

சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், “நேர்மையே சிறந்தது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், அது நன்னெறிப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக எழுதும் விடைபோல் ஆகிவிடும். அந்த நான்கு பதில்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் நியாயம்.

தவறு கடைக்காரருடையது என்பது சரிதான். ஆனால், தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. அதனால் நம் கையில் மிஞ்சிய பணம் யாருடையது என்பது வேறு கேள்வி. ஒருவர் பேருந்தில் பணப்பையை விட்டுவிட்டு இறங்கினால், கவனக்குறைவு அவருடையதுதான். அதற்காகப் பை நம்முடையதாகிவிடாது.

இதை ஒட்டிய வழக்கு ஒன்று சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கே வந்திருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்களிடம் டிஜிலேண்ட்மால் வழக்கு என்று சொன்னால் தெரியும். 2003ஆம் ஆண்டு ஜனவரியில், அந்த இணைய விற்பனைத் தளத்தில் 3,854 வெள்ளி விலையுள்ள எச்பி லேசர் அச்சுப்பொறி, ஊழியர் ஒருவரின் தவறால் 66 வெள்ளி என்று பதிவாகிவிட்டது. செய்தி நள்ளிரவுக்குப் பிறகு நண்பர்களிடையே பரவியது. ஆறு பேர், மொத்தம் 1,606 அச்சுப்பொறிகளுக்குப் பதிவு செய்தார்கள். நிறுவனம் தர மறுத்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2004ல் தீர்ப்பளித்த வி.கே. ராஜா, விலை தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்பதை அறிந்துகொண்டே அவர்கள் வாங்க முனைந்தார்கள் என்று கண்டு, வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது.

அந்த வழக்கில் தவறு நிறுவனத்துடையது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இருந்தும் வழக்கு அதில் நிற்கவில்லை. வாங்கியவர்களுக்கு அது தவறு என்று தெரியுமா, தெரியாதா என்பதில்தான் நின்றது. ஒரு பேட்டரிக்காக யாரும் நீதிமன்றப் படியேறப்போவதில்லை. ஆனாலும், நீதிமன்றம் கேட்ட கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். கவனிக்காமல் வந்துவிட்டால் அதில் குற்றம் ஏதும் இல்லை. கவனித்த பிறகும் பேசாமல் இருப்பது நாமே எடுக்கும் முடிவு. அதைக் கடைக்காரர் தலையில் போட முடியாது.

இரண்டாவது பதிலுக்கு வருவோம். விலைவாசி ஏறியிருப்பது உண்மை. பொருள், சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. பல உணவகங்களில் அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் உண்டு. படிக்கிற வயதில் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணித்தான் செலவு செய்கிறோம். அதனால் கடைக்காரர் மீது வரும் எரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால், விலை அதிகம் என்று தோன்றினால் முன்பே விசாரிக்கலாம், பேரம் பேசலாம், வேறு கடைக்குப் போகலாம். ஒப்புக்கொண்ட விலைக்கு வேலையைச் செய்ய வைத்துவிட்டு, அவர் அசந்த நேரத்தில் நமக்கு நாமே தள்ளுபடி கொடுத்துக்கொள்வது அந்த வகையில் சேராது.

அந்த இழப்பு எப்போதும் முதலாளியின் லாபத்திலிருந்து போகிறது என்றும் நினைத்துவிட முடியாது. ‘ஏ’ நிலைத் தேர்வு முடிந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு இடையே சில மாதங்கள் நான் ஒரு கடைத்தொகுதியில் காப்பிக் கடை ஒன்றின் முகப்பில் வேலை பார்த்தேன். கடை மூடியதும் கல்லாவை எண்ண வேண்டும். வாடிக்கையாளர் கேட்டதைப் பதியாமலே விட்டிருந்தால் கல்லாவில் அது தெரியாது. சரக்கு இருப்பைப் பார்க்கும்போதுதான் தெரியும். சரியாகப் பதிந்துவிட்டுக் குறைவாக வாங்கியிருந்தாலோ, மீதிச் சில்லறையைக் கூட்டிக் கொடுத்திருந்தாலோ கல்லாவில் அன்று இரவே பணம் குறையும்.

ஓர் இரவு 14 வெள்ளி 20 காசு குறைந்தது. மூன்று முறை எண்ணினோம். எங்களோடு வேலை செய்த ஆன்டி, தினமும் ஜோகூர்ப் பாலம் கடந்து வருபவர். அன்று கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம். “விடும்மா, நாளைக்கு மேனேஜரிடம் யார் பேச்சு வாங்குவது?” என்று சொல்லித் தம் பணப்பையிலிருந்தே எடுத்துக் கல்லாவில் வைத்தார். அவருக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் மேலான சம்பளம். அந்த 14 வெள்ளி யாரிடம் போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. வாங்கியவருக்கும் அது பெரிய தொகையாகப் பட்டிருக்காது.

ஊழியர் இப்படிக் கைக்காசு போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேலை நியமனச் சட்டத்தின்படி, பணம் குறைந்ததற்கு ஊழியர் நேரடிப் பொறுப்பாக இருந்தால்தான் சம்பளத்தில் பிடிக்கலாம். அதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். பிடிக்கும் தொகையும் மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆனால், சட்டம் ஒன்றாகவும் இரவு பத்தரை மணிக்குக் கல்லாவின் முன் நிற்பவரின் பயம் வேறாகவும் இருக்கிறது. பகுதிநேர வேலை செய்த மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சொன்னால் ஊழியருக்குத் திட்டு விழும் என்பது இரக்கத்தில் பிறந்த வாதம். சில இடங்களில் அது நடக்கவும் செய்யும். ஆனால், நாம் சொல்லாவிட்டால் அவர் தப்பிவிடுவாரா? நான் பார்த்த கல்லாவில் அப்படி இல்லை. தவறு அன்றிரவு கணக்கில் வந்து நிற்கும். அப்போது அதைத் திருத்த வாடிக்கையாளர் அங்கே இருக்கமாட்டார். ஆகவே, அவர் மீது நமக்கு இரக்கம் இருந்தால் அதைச் சொல்லும் முறையில் காட்டலாம். மேலாளர் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. “அண்ணே, ஒரு காப்பி விட்டுப்போன மாதிரி இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்று கணக்குப் போட்டவரிடமே மெதுவாகச் சொன்னால் போதும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நான் முகப்பில் இருந்தபோது அப்படிச் சொன்னவர்களை நினைவிருக்கிறது. அவர்களால் எனக்குத் திட்டு விழுந்ததில்லை.

நான்காவது பதில், கணக்குச் சரியாகிவிட்டது என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நம்மிடம் கூடுதலாக வாங்கிய கடை ஒன்று. இப்போது குறைவாக வாங்கிய கடை இன்னொன்று. ஒருவர் பட்ட கடனை இன்னொருவர் தலையில் கட்டுவதற்குக் கணக்கு என்று பெயர் இல்லை. கூடுதலாக வாங்கியவரிடம் அன்றே கேட்டிருக்க வேண்டும். அங்கே கேட்கத் தயங்கிவிட்டு, இங்கே ஏமாந்தவரிடம் அதை ஈடுகட்டிக்கொள்வது சரியாகாது.

தொகை சிறியது என்பதும் நாம் அடிக்கடி சொல்லும் காரணம். இதைப் பற்றி யோசிக்கும்போது 2019ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளைத் தொலைந்து கிடைத்தவை என்று சொல்லி வங்கி, விடுதி, அஞ்சலகம் போன்ற இடங்களின் முகப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் இருக்கும் பையைத் தாமே வைத்துக்கொள்வார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது மாறாக இருந்தது. பணம் இல்லாத பைகளைவிடப் பணம் இருந்த பைகளின் சொந்தக்காரர்களைத் தொடர்புகொண்டவர்களே அதிகம். தன்னைத் திருடன் என்று தானே நினைத்துக்கொள்ள மனிதருக்குப் பிடிப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று.

இதை நம் விஷயத்தோடு பொருத்திப் பார்த்தால், சிறிய தொகை ஏன் சுலபமாக நழுவிப் போகிறது என்பது விளங்குகிறது. முழுப் பணப்பையை எடுத்துவைத்துக்கொண்டால் நம் மனமே நம்மைத் திருடன் என்று சொல்லிவிடும். விடுபட்ட ஒரு தேநீரோ, எண்ணாமல் விட்ட பத்து வண்ணப் பக்கங்களோ அப்படி எந்தப் பெயரையும் நமக்குத் தருவதில்லை. கொடுத்தவருக்கும் தெரியாது, பார்த்தவரும் இல்லை, எடுத்தவருக்கும் உறுத்தல் இல்லை. பெயர் இல்லாததால்தான் அது பழக்கமாகிவிடுகிறது.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசிவிட்டேன். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. குறைந்த கட்டணம் எல்லாமே தவறாக இருக்க வேண்டியதில்லை. “படிக்கிற பிள்ளைதானே” என்று சொல்லி ஐந்து வெள்ளி குறைத்துக்கொள்ளும் தையற்கார அக்காவும் நம்மிடையே இருக்கிறார். பழகிய வாடிக்கையாளர் என்று தாடிக்குக் காசு வாங்காத அண்ணனும் இருக்கிறார். வெளியில் பார்த்தால் சலுகையும் தவறும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியவர் கட்டணம் வாங்குபவர் மட்டுமே. நாம் கேட்காமல் போனால் அவருக்குப் பதிலாக நாமே முடிவு செய்துவிடுகிறோம். அதுவும் நமக்குச் சாதகமாக.

என் தோழி அன்றிரவே கடைக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். பேட்டரிக்குக் கட்டணம் வாங்கவில்லையே, விட்டுப்போனதா என்று கேட்டிருந்தாள். பதில் வந்தது. திரை மாற்றும்போது எப்படியும் கைப்பேசியைத் திறந்தாக வேண்டும், அதனால் பேட்டரி மாற்றக் கூலி கிடையாது. பேட்டரியின் விலை மட்டும் விட்டுப்போயிற்று, 45 வெள்ளி அனுப்புங்கள், நன்றி தங்கச்சி என்று எழுதியிருந்தார். பேநவ் மூலம் பணம் போய்ச் சேர்ந்தது. அதில் பாதி சலுகை, பாதி மறதி. நாங்கள் ஐந்து பேரும் எவ்வளவு நேரம் வாதாடியிருந்தாலும் அந்த 45 வெள்ளியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. ஒருவேளை, பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால், அது அவர் மனம் வைத்துக் கொடுத்ததாக இருந்திருக்கும்.

நம் வயதினர் எப்போதும் பணம் கொடுக்கும் பக்கத்திலேயே நிற்பதும் இல்லை. நம்மில் பலர் வீடுகளுக்குச் சென்று துணைப்பாடம் சொல்லித் தருகிறோம். மாதம் நான்கு வகுப்பு நடத்தியிருப்போம். பெற்றோர் மறதியாக மூன்றுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது கேட்பது எவ்வளவு சங்கடம்! பணத்தாசை என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கத்தில், போனால் போகட்டும் என்று விட்டவர்கள் உண்டு. பெற்றோரே, “இந்த மாதம் ஒரு வகுப்பு விட்டுப்போச்சு, அனுப்பியிருக்கேன் பாருங்க” என்று சொல்லும்போது மனத்துக்கு எவ்வளவு நிம்மதி! இழந்தவர் வாய் திறப்பது கடினம். அவருக்குத் தாம் இழந்ததே தெரியாமலும் இருக்கலாம். கவனித்தவர் சொல்வது அதைவிடச் சுலபம். அதனால்தான் சொல்லும் பொறுப்பு கவனித்தவரைச் சேருகிறது.

இதற்கு எல்லையும் உண்டு. விலை மலிவாக இருக்கிறது என்பதற்காக நாமே கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை; மலிவான விலை வேறு, தவறான விலை வேறு. வீட்டுக்கு வந்த பிறகு இருபது காசு குறைந்திருப்பதைப் பார்த்தால், அதற்காகத் தீவின் மறுகோடிக்குப் பேருந்து ஏறவும் வேண்டாம். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது சொல்லலாம். தொகை பெரிதாக இருந்தால் தொலைபேசியில் அழைக்கலாம். இப்போது கடையின் எண்ணும் பேநவ் வசதியும் கையிலேயே இருப்பதால், முன்பு சொல்லிவந்த “யார் திரும்பிப் போவது?” என்ற சாக்குக்குப் பலம் குறைந்துவிட்டது. முகப்பில் நிற்கும்போதே கவனித்துவிட்டால் எந்தச் சாக்கும் இல்லை.

திருக்குறளில் ‘நடுவு நிலைமை’ என்ற அதிகாரத்தைப் பள்ளியில் படித்திருப்போம். அதன் கடைசிக் குறள் வணிகருக்கானது. பிறர் பொருளையும் தம்முடையதைப்போல் கருத வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்க்கிறது. கடைக்காரர் நம்மை ஏமாற்றும்போது நாம் எளிதில் நினைத்துக்கொள்ளும் குறள் அது. ஆனால், அதே அதிகாரத்தில் இன்னொரு குறளும் இருக்கிறது. நியாயம் தவறி வருகிற ஆதாயம் நல்லதாகவே இருந்தாலும் அப்போதே கைவிட்டுவிட வேண்டும் என்கிறது. அது விற்பவர், வாங்குபவர் என்று யாரையும் பிரிக்கவில்லை. கைப்பேசிக் கடையும் காப்பிக் கடையும் அதற்குள் அடங்கும்.

நாம் இளையர்கள். இன்னும் சில ஆண்டுகளில் மற்றவர்களின் கணக்குகள் நம் கைக்கு வரும். யாரோ ஒருவரின் சம்பளப் பட்டியல், நோயாளியின் கட்டணம், வாடிக்கையாளரின் ஒப்பந்தம் என்று அவற்றில் தவறுகளைப் பார்ப்போம். சில தவறுகள் நமக்கோ நம் நிறுவனத்துக்கோ சாதகமாக இருக்கும். அன்று திடீரென்று வாய் திறக்கும் துணிவு வந்துவிடாது. இப்போது ஒரு காப்பிக்கும் ஒரு பேட்டரிக்கும் பழகியிருந்தால்தான் வரும்.

ஆகவே, அடுத்த முறை கட்டணம் குறைந்திருப்பது கண்ணில் பட்டால், அது நியாயமா, நம் தவறா, அவர் தவறா என்றெல்லாம் மனத்துக்குள் வழக்கு நடத்த வேண்டாம். “இது சரியா, கொஞ்சம் பாருங்க” என்று கேட்டுவிடுங்கள். சரி என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இல்லை என்றால் மீதியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.